பலகையைத் தூக்கியது யார்?

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்கு ஒரு கதை சொல்லியிருப்பார்கள். நம் படகு கிளப்பின் சமையல்காரர் ஒருவர் விளையாட்டாகப் பாய்மரப் படகில் ஏறினாராம். காற்று வலுத்ததும் பயந்துபோய், படகின் நடுவில் தண்ணீருக்குள் இறக்கியிருந்த நடுப்பலகையைத் தூக்கிவிட்டாராம். படகு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு அலைத்தடுப்புக் கற்களை நோக்கிப் போனதாம். கூட இருந்த லஸ்கர் பலகையை இறக்கி இரண்டு உயிரையும் காப்பாற்றினாராம். "அதனால்தான் சமையல்கட்டு ஆட்களைப் படகில் ஏற்றக்கூடாது" என்று முடித்திருப்பார்கள்.

அந்த லஸ்கர் நான்தான். அந்தக் கதை பொய். நான் சொன்ன பொய் இல்லை. மற்றவர் சொன்னபோது பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். அந்த வாய்மூடலால் ஒருவர் வேலை இழந்து ஊருக்குப் போனார்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் ஃபோர்மேன் போனில் கேட்டார். உப்புப் போகத் தேய்த்து வைக்கிற கப்பிகளைப் பற்றியும் வார்னிஷ் பற்றியும் எழுதுவேன் என்று நினைத்திருப்பார். அதெல்லாம் கை செய்து செய்து வருவது. எழுதியே ஆகவேண்டியது என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது.

முதலில் இந்த லஸ்கர் என்ற சொல்லைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது. எனக்குத் திருப்பனந்தாள் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். எங்கள் பக்கத்தில் லஸ்கர் என்றால் வாய்க்கால் தலைப்பில் மதகைத் திறந்து மூடுகிற ஆள். எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் முறை என்று பார்த்து ஷட்டரை ஏற்றி இறக்குவார். சின்ன மதகுகளில் ஷட்டர் கிடையாது. தண்ணீர் போகிற கண்ணின் இரண்டு பக்கமும் பள்ளமாகக் காடி வெட்டியிருக்கும், அதில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகுவோம். தண்ணீர் வேண்டாமென்றால் பலகை போடு. தண்ணீர் ஏறி வந்தால் பலகை எடு. நான் அங்கே தற்காலிக லஸ்கர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆற்றில் தண்ணீர் வருவதே நிச்சயமில்லாமல் போனது. வராத தண்ணீருக்கு எத்தனை நாள் காவல் இருப்பது? ஊரில் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்துக்கொண்டிருந்தன, தெருவுக்கு இரண்டு பேர் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் எடுத்தேன்.

மயிலாடுதுறையில் விசா ஏஜெண்ட், முன்பு பார்த்த வேலை என்ன என்று கேட்டார். லஸ்கர் என்றேன். அவர் அப்படியே ஆங்கிலத்தில் எழுதினார். அந்தத் தாள் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்த இடம் இந்தக் கிளப். அப்போதிருந்த மேனேஜர் ஒரு வயதான வெள்ளைக்காரர். பழைய ஆங்கிலத்தில் லஸ்கர் என்றால் கப்பலில் வேலை செய்கிற இந்திய மாலுமி என்பது எனக்குத் தெரியாது. அவருக்கு அது ஒன்றுதான் தெரியும். நான் வந்து நின்ற அன்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதில் வேலை பார்த்தாய் என்று கேட்டார். மண்ணியாறு என்றேன். அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்து, நல்ல கப்பலாக இருந்திருக்கும் என்று தலையை ஆட்டினார். அவர் என்ன நினைத்துக்கொண்டார் என்பது எனக்குப் புரியவே மூன்று நாள் ஆனது. புரிந்த பிறகு சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் அதுவரை கடலை வேளாங்கண்ணியில் கரையில் நின்று பார்த்ததோடு சரி.

உண்மையைச் சொன்னால் மறு விமானத்தில் ஊர். சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது, பிள்ளைகளா. தெரியாததைக் கேட்க முடியாது. மாலுமி வந்து "இது என்ன பலகை?" என்று எப்படிக் கேட்பான்? கீலைத் துடை என்று சொன்னபோது படகின் அலமாரிக் கதவுக் கீலைத் தேடித்தேடித் துடைத்தவன் நான். அடிப்பாகத்தில் இரும்புத் துடுப்பு மாதிரித் தொங்குவதுதான் கீல் என்று இன்னொருவன் துடைப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எல்லாரோடும் இருந்தும் யாரோடும் பேச முடியவில்லை. அறையில் ஆறு பேர், ஆறு மொழி. ராத்திரி கட்டிலில் படுத்துக்கொண்டு, நாளை எதைத் தெரிந்த மாதிரி நடிக்கவேண்டியிருக்கும் என்று யோசிப்பேன். அந்த மாதிரித் தனிமையை அதற்கு முன்னால் நான் அனுபவித்ததில்லை.

தப்பித்தது எப்படி என்றால், என்னிடம் கொடுத்தது மோட்டார் லாஞ்ச். அதை ஓட்டுவது டிராக்டர் ஓட்டுகிற மாதிரிதான். பாய்மரப் படகுகளை மெம்பர்களே ஓட்டுவார்கள், நான் கயிறு கட்டி இழுத்துவருவேன். ஏழு மாதம் அப்படியே ஓடியது.

கிளப்பில் தமிழ் பேசியவர் இன்னும் ஒரே ஒருவர். சமையல்காரர். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே கடலோர ஊர்க்காரர், முஸ்லிம். என் வயதுதான் இருக்கும். நான் அவரைப் பாய் என்று கூப்பிட்டேன், என்னைப் பார்த்து எல்லாரும் அப்படியே கூப்பிட்டார்கள். கிளப்பில் அவருக்கு வேறு பெயரே இல்லாமல் போயிற்று. விசா தாளில்தான் அவர் சமையல்காரர். அவர் வைக்கிற சாம்பாரில் பருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் நிற்கும். அப்பா காலத்திலிருந்தே படகில் கிடந்தவர். ஏஜெண்டிடம் சமையல் விசா மட்டும்தான் இருந்தது என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். படகோட்டி அடுப்படியில், மதகுக்காரன் படகில். இதை அப்போதே பேசிச் சிரித்திருக்கலாம். பேசவில்லை.

முதல் முறை என் தட்டில் சோறு போடும்போது, "லஸ்கரே, நீங்க எந்தக் கடல்ல ஓட்டினீங்க?" என்று கேட்டார்.

"அது பெரிய கதை பாய்" என்றேன்.

"சரிதான். பெரிய கதையெல்லாம் மெதுவாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் கேட்கவில்லை. மாலையில் சமையல்கட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து படகுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். ஊர்ப் பேச்சுப் பேசுவோம், நடவு, அறுப்பு, மழை. கடலைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கமாட்டேன்.

இனிமேல் வருவது புரிய, பலகை என்ன செய்கிறது என்று தெரியவேண்டும். காற்று பாயைப் பக்கவாட்டில்தான் தள்ளும். ஆனால் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற பலகை பக்கவாட்டில் நகர மறுக்கும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட படகுக்கு முன்னால் போவதைத் தவிர வேறு வழியில்லை. ஈரப் புளியங்கொட்டையை இரண்டு விரலால் அழுத்தினால் முன்னால் தெறிக்கிறதல்லவா, அதே சங்கதி. பலகை இல்லாத படகு காற்று அடித்த பக்கம் போகும், நீங்கள் நினைத்த பக்கம் போகாது. பெரிய படகுகளின் கீலில் இரும்போ ஈயமோ இருப்பதால் சாய்ந்தாலும் தஞ்சாவூர் பொம்மை மாதிரி எழுந்து நிற்கும். நம் சின்னப் படகுகளில் இருக்கிற நடுப்பலகைக்கு அந்த எடை கிடையாது. வழுக்காமல் பார்த்துக்கொள்ளும், கவிழ்ந்தால் தானாக நிமிர்த்தாது. வேண்டும்போது இறக்கலாம், வேண்டாதபோது தூக்கலாம். எப்போது எது என்பதுதான் இந்தத் தொழிலே.

அன்று வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். லாஞ்ச் எஞ்சின் கெட்டுப்போயிருந்தது. வெளித்துறையில் கட்டியிருந்த ஒரு சின்னப் படகைக் கரைக்குக் கொண்டுவா என்றார் மேனேஜர். எப்படி என்று நான் பார்த்தேன். பாயை ஏற்றி ஓட்டிக்கொண்டு வா, நீ லஸ்கர்தானே என்றார்.

நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பாய், எனக்கு ஓட்டத் தெரியாது, வாங்க" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் சொன்னது: "சும்மா வாங்க பாய், காத்து வாங்கிட்டு வரலாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு கூட வந்தார்.

படகில் ஏறியதும் நான் சுக்கான் பிடித்து உட்கார்ந்தேன். பாயை ஏற்றுவதில் அவர் கைதான் வேலை செய்தது. பிறகு மெதுவாக, "பலகைய எறக்கிக்கலாமா லஸ்கரே?" என்றார். நான் ஏதோ அதைத்தான் சொல்ல வந்தவன் மாதிரி, "ம், எறக்குங்க" என்றேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் எனக்கு வழி சொல்லிக்கொடுத்தார், அதையும் கேள்வி மாதிரிக் கேட்டு என் மரியாதையைக் காப்பாற்றினார்.

பாதி தூரம் நன்றாகவே வந்தோம். துணி படபடத்தபோது நான் பதறிப்போய் "பாய்! பாய்!" என்று கத்தினேன். "எந்தப் பாயக் கூப்புடுறீங்க? மேல தொங்குறதையா, கீழ உக்காந்திருக்குறதையா?" என்றார். நானும் சிரித்துவிட்டேன். அந்த ஊருக்குப் போனபிறகு நான் மனசு விட்டுச் சிரித்தது அது ஒன்றுதான்.

அப்போதுதான் வடமேற்குக் காற்று ஒரே அடியாக இறங்கியது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. நடுவில் பலகை செருகியிருக்கிற பெட்டியின் வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு என் முகத்தில் அடித்தது. என் மூளை அந்த நிமிஷம் மண்ணியாற்றுக்குப் போய்விட்டது. பலகை போட்ட கண்ணில் தண்ணீர் ஏறி வழிந்தால் லஸ்கர் என்ன செய்வான்? பலகையை உருவுவான். கரை உடையாமல் இருக்க அதுதான் வழி. சுக்கானை விட்டுவிட்டு, ஒரு கையில் பாய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பலகையை முழுதாகத் தூக்கிவிட்டேன்.

படகு உடனே நிமிர்ந்தது. சரியாகத்தான் செய்தேன் என்று எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தப்பான காரியம் முதல் நொடியில் சரி மாதிரியே இருக்கும்.

பிறகு பார்த்தால் மூக்கு துறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, படகு மட்டும் பக்கவாட்டில் அலைத்தடுப்புக் கற்களை நோக்கி வழுக்கிக்கொண்டிருக்கிறது. நான் சுக்கானை எப்படித் திருப்பினாலும் கேட்கவில்லை.

"எறக்குங்க! பலகைய எறக்குங்க!"

அழுத்தினேன். நாலு விரற்கடை இறங்கிச் சிக்கிக்கொண்டது. இரண்டு கையும் போட்டு அழுத்த எழுந்தேன். அவர் பலகையைத் தொடவே இல்லை. என் கையிலிருந்த பாய்க் கயிற்றைப் பிடுங்கி அப்படியே விட்டுவிட்டார். பாய் தளர்ந்து படபடவென்று அடித்துக்கொண்டது. எனக்கு உயிர் போய்விட்டது. கல் பக்கத்தில் வந்துவிட்டது, இந்த மனிதர் இருக்கிற ஒரே பிடியையும் விடுகிறாரே என்று. ஆனால் பாய் தளர்ந்ததும் பலகையை நெருக்கிக்கொண்டிருந்த பக்க அழுத்தம் போய்விட்டது. குதிகாலால் ஒரே மிதி. பலகை சரக்கென்று இறங்கியது. கயிற்றை இழுத்தார், என்னைத் தள்ளிவிட்டுச் சுக்கானைப் பிடித்தார். படகு முன்னால் பாய்ந்தது.

மதகிலும் இதேதான். இரண்டு பக்கமும் தண்ணீர் மட்டம் சமமாகாமல் நெருக்கத்தில் இருக்கிற பலகை அசையாது. எனக்குத் தெரிந்த விஷயம் அது. பயத்தில் எனக்குத் தெரிந்ததும் மறந்துபோனது, அங்கே உதவாதது மட்டும் கைக்கு வந்தது.

தப்பித்தோம் என்று நினைத்த நேரத்தில் படகின் பின்பக்கம் கல்லை நோக்கி ஒதுங்கியது. அவர் வலது கையை நீட்டிக் கல்லைத் தள்ளினார். கல்லுக்கும் படகுக்கும் நடுவில் இரண்டு விரல் மாட்டிக்கொண்டது. அவர் கத்தவில்லை. மற்ற கையால் படகைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

மேனேஜர் தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். படகு வழுக்கியது தெரிந்திருக்கிறது. யார் கை எங்கே இருந்தது என்பது தெரியவில்லை. கரையில் இறங்கியதும் கேட்டார், "பலகையைத் தூக்கியது யார்?"

பாயின் கையில் அவர் தலைத்துண்டு சுற்றியிருந்தது, அது சிவந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. நான் பேசுவேன் என்று காத்திருக்கிற பார்வை. மேனேஜர் என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். பிறகு அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "ஒரு லஸ்கர் அதைச் செய்யமாட்டான்."

நான் ஒரு சொல் சொல்லியிருக்கவேண்டும். 'நான்' என்று. அதற்குள் என் மனதில் காய்ந்த மதகு வந்தது, நாலு மாதக் கைக்குழந்தையோடு இருந்த என் மனைவி வந்தாள். அவருக்கும் ஊரில் இரண்டு பெண்குழந்தைகள் என்பது மட்டும் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் அவரை அனுப்பிவிட்டார்கள். வண்டியில் ஏறும் முன்னால் என்னிடம் வந்தார். கையில் கட்டு. "வர்றேன் லஸ்கரே. காத்து அடிச்சா கயித்த விடுங்க. பலகைய விடாதீங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் படகு ஓட்டக் கற்றுக்கொண்டேன். தினமும் விடிந்ததும், ஒருவரும் வராத நேரத்தில், அதே சின்னப் படகில், தனியாக. எத்தனையோ முறை கவிழ்ந்தேன். ஒவ்வொரு தடவையும் பலகையின்மேல் ஏறி நின்று படகை நிமிர்த்தினேன். தாள் சொன்ன ஆளாகவே கடைசியில் ஆகிவிட்டேன். சுவரில் என் போட்டோ மாட்டினார்கள். நீங்கள் கேட்ட அந்தக் கதையை மேனேஜர் சொல்ல ஆரம்பித்தார், அவர் போனபிறகு அடுத்தவர் சொன்னார். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில்தான் நின்றேன். அடுத்து வந்த சமையல்காரர்கள் நன்றாகவே சமைத்தார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். நீங்கள் சிலர் வந்து கூப்பிட்டதுண்டு, "வாங்கண்ணே, எங்களோட சாப்பிடுங்க" என்று. கர்வம் பிடித்த கிழவன் என்று நினைத்திருப்பீர்கள். அந்த இடத்தில் எனக்குப் பக்கத்தில் ஒருவர் உட்காரவேண்டியிருந்தது, அதனால்தான்.

விடுமுறையில் எத்தனையோ முறை ஊருக்கு வந்தேன். திருத்துறைப்பூண்டி எங்கள் ஊரிலிருந்து அரை நாள் பஸ். ஒருமுறைகூடப் போகவில்லை. ஓய்வு பெற்று வந்து, சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் போனபிறகு போன மாதம் போனேன். அவர் ஊரைச் சொல்லி, வெளிநாட்டில் சமையல் வேலை பார்த்தவர் என்று கடைத்தெருவில் விசாரித்ததும், "வெளிநாட்டு பிரியாணிக்காரரா?" என்று கேட்டார்கள்.

ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறத்தில் இருந்தார். நாலு பெரிய பிரியாணி தேக்சா கொதித்துக்கொண்டிருந்தது. தாடி வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"லஸ்கரே, வாங்க" என்றார். நேற்றுப் பார்த்தவர் மாதிரி.

வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. நான் அதையே பார்ப்பதைப் பார்த்தார். "இந்தக் கை கரண்டி புடிக்கும், கயிறு புடிக்காது. ஊருக்கு வந்து ரெண்டு தடவ கடலுக்குப் போய்ப் பாத்தேன், நிக்கல. வெளிநாட்டுல சமையல்காரனா இருந்தாராமேன்னு கல்யாணத்துக்குக் கூப்புட ஆரம்பிச்சாங்க. வேற வழியில்லாம கத்துக்கிட்டேன்" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அறுபது வயது தாண்டிய ஆள், தேக்சா பக்கத்தில் நின்றுகொண்டு. "பாய், அன்னைக்கு நீங்களாவது சொல்லியிருக்கலாமே. லஸ்கர்தான் தூக்கினாருன்னு."

"நான் சொன்னா அது கோளு. நீங்க சொன்னாத்தான் அது உண்மை. நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்." கரண்டியை எடுத்து ஒரு கிளறு கிளறினார். "இவ்ளோ நாளாகும்னு நெனைக்கல."

"எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"முத நாளே. லாஞ்சுலேருந்து நீங்க கரையேறுனப்ப முடிச்சுப் போட்டீங்களே, அது மாடு கட்டுற முடிச்சு. நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன். கேட்டிருந்தா ஒரு வாரத்துல சொல்லிக்குடுத்திருப்பேன். எனக்கும் பின்வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்குறதுக்கு, யாராவது கேக்கமாட்டாங்களான்னுதான் இருந்துச்சு."

நான் தனியாக இருந்தேன் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கை தூரத்தில் இன்னொருவரும் தனியாக உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவே இல்லை.

கிளப் பிள்ளைகளுக்கு எழுதப்போகிறேன், நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன் என்றேன். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாகக்கூட இருந்திருக்கும். அவர் தேக்சாவை மூடினார், மூடிமேல் தணல் அள்ளிப் போட்டார், எல்லாம் முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எழுதுங்க. ஆனா சமையல்காரன்னு எழுதாதீங்க."

அதனால் பிள்ளைகளா, அடுத்து வருகிறவர்களுக்கு இந்தக் கதையை நீங்கள் சொல்லும்போது இப்படிச் சொல்லுங்கள். பலகையைத் தூக்கியவன் சூசைராஜ், மண்ணியாற்று மதகு லஸ்கர். பலகையை இறக்கி இரண்டு உயிரையும் காப்பாற்றியவர் பெயர் அப்துல் காதர். படகுக்காரர்.